ஜெர்மனிக்குப் போய்விட்ட வைஃபை பெட்டி

எங்கள் ஜி.எம். நயீம் அகமதுவுக்கு எல்லாமே ஜாஸ்தியாக வேண்டும். டீயில் சர்க்கரை ஜாஸ்தி, காரில் ஹாரன் ஜாஸ்தி, பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசினாலும் சத்தம் ஜாஸ்தி. 2007இல் எங்கள் ஆம்பூர் ஷூ ஃபேக்டரியில் வைஃபை பெட்டி மாட்டியபோது, அதன் செட்டிங்ஸை மாற்றுகிற பாஸ்வேர்டும் வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார். அங்கே கம்ப்யூட்டர் இலாகா என்றால் நான் ஒருத்திதான்.

"ஜி.எம்.முக்கே தெரியாத பாஸ்வேர்ட் இன்னாம்மா பாஸ்வேர்ட்?" என்றார். கொடுத்துத் தொலைத்தேன்.

ஒரு வாரமாகப் பேக்கிங் பக்கம் சிக்னல் செத்துச் செத்துப் பிழைத்தது. அட்டைப்பெட்டிகளின் பார்கோடு எல்லாம் அங்கிருக்கும் லேப்டாப் வழியாக ஆபீசுக்கு வந்தால்தான் கன்டெய்னரை மூட முடியும். அன்று சாயங்காலம் கன்டெய்னர் துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். பேக்கிங் சூப்பர்வைசர் சம்பூர்ணம் வந்து கத்தினாள்: "ரெனிட்டா, உன் கம்பியில்லாத கருமாந்திரம் மறுபடி பூடுச்சு!"

பின்னாலேயே நயீம் சார். சென்னையில் வாங்கிய பூஸ்டர் ஒன்றை என் மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

"மாட்டு. சிக்னல் வாணியம்பாடி வரைக்கும் போவும்."

"போகக் கூடாது சார். இவ்ளோ பவர்தான் விடலாம்னு கவர்மென்ட் ரூல் இருக்கு. இதை மாட்டினா மீறிடும். புடிச்சாங்கன்னா, வைஃபை பேப்பர்ல கையெழுத்துப் போட்ட நான்தான் மாட்டிக்குவேன்."

"தோல் கம்பெனில வந்து ரூல் பேசுற பாரு! பேஜார் புடிச்ச பொண்ணும்மா நீ. கன்டெய்னர் கிளம்புறதுக்குள்ள மாட்டு. இல்லன்னா வூட்டுக்குப் போய்டு. என் மச்சான் புள்ள சத்தார் சும்மாதான் இருக்கான், அவன் வந்து மாட்டுவான்."

என் சம்பளத்தில்தான் தங்கை நர்சிங் படிக்கிறாள். சத்தாரையும் எனக்குத் தெரியும். மவுஸைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆசாமி. அவனுக்கு என் நாற்காலியா?

பூஸ்டரைத் தொடவில்லை. இப்போது எவ்வளவு பவர் போகிறது என்று பார்க்க செட்டிங்ஸைத் திறந்தேன். ஏசப்பா! 'கன்ட்ரி' என்ற இடத்தில் ஜெர்மனி என்று இருந்தது.

எந்த நாட்டைச் சொல்கிறோமோ, அந்த நாட்டு ரூல்படிதான் பெட்டி பவர் விடும். ஜெர்மனிக்காரன் விடச் சொல்வது நம் ஊர் அளவைவிட ரொம்பக் கம்மி. பெட்டி பாவம், அடுத்தவன் சட்டத்துக்கு அடங்கி ஒழுங்காக நடந்திருக்கிறது.

"யாரு சார் இதை மாத்துனது?"

"நான்தான், போன வாரம்," என்றார் பெருமையாக. "நீ இந்தியான்னு தப்பாப் போட்டு வச்சிருந்த. இப்ப போற ஆர்டர் ஜெர்மனி ஆர்டர்தானே?"

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

"சார், இந்தப் பெட்டியை எங்க மாட்டியிருக்கோம்?"

"இங்கதான்."

சொல்லிவிட்டு அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத சன்னக் குரலில் சொன்னார்: "முப்பது வருஷ சர்வீஸ்மா. அட்டைப்பெட்டி, பில்லு, எதுல கன்ட்ரின்னு கேட்டாலும் வாங்குறவன் நாட்டைத்தான் எழுதியிருக்கேன். நம்ம நாட்டை எவன் கேட்டான்?"

எனக்கு வந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இந்தியா என்று மாற்றினேன். பவர் நம் ஊர் ரூல் அனுமதிக்கிற அளவுக்கு ஏறியது. "வந்துடுச்சுடி!" என்று சம்பூர்ணம் போட்ட கூச்சல் ஆபீஸ் வரை கேட்டது. கன்டெய்னர் கிளம்பியது.

நயீம் சார் பூஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன் செய்தார். "சத்தார், இங்க எடம் காலி இல்லடா." எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆனாலும் கோபம் முழுசாக இறங்கவில்லை.

கதவருகே போனவர் தயங்கித் திரும்பினார். "ரெனிட்டாம்மா, அடுத்த வாரம் இத்தாலி ஆர்டர் வருது..."

"ஷூதான் சார் இத்தாலிக்குப் போகுது. பெட்டி ஆம்பூர்லயேதான் இருக்கும். நானும் இங்கதான் இருப்பேன்."