கப்பலேறாத பழம்

ஒரு பிள்ளையின் விலை பதினெட்டு வெள்ளி. ஆணோ பெண்ணோ, காஜா பெராங்கில் தம்பிராஜாவின் மருந்துக் கடையில் ஒரே விலைதான். மலாய் மண்ணுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அரிசி விலைகூட ஏறி இறங்கியது. இது மட்டும் அசையவில்லை.

போத்தலில் இருப்பது பிள்ளைவரம் தரும் கொல்லிமலைப் பழ லேகியம், கப்பலில் வந்தது என்பான். உண்மையில் அது பத்து பெரெண்டாம் என்ற ஊரின் மேட்டுப் புதர்களில் யாரும் நடாமல் காய்க்கும் கெமுந்திங். கத்தரிப்பூ நிறம், தலையில் குட்டிக் கிரீடம். பள்ளிப் பிள்ளைகள் பறித்துத் தின்று நாக்கைக் கறையாக்கிக்கொள்ளும் பழம். தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டிக் கம்பத்து மீனாச்சி டின் இருபது காசுக்குப் பறித்துத் தருவாள். இறந்தவர்களுக்குப் பழம் படைக்கிற குடும்பம் அவளுடையது. இத்தனை டின்னையும் எந்தச் செத்தவருக்குப் படைக்கிறாய் என்று ஒருநாள் மலாயில் கேட்டாள். அன்று அவன் இரண்டு காசு குறைத்துக் கொடுத்தான்.

உள்ளூர்ப் புதர் என்றால் காறித் துப்பும் சனம், கப்பலில் வந்தது என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அந்த இளிச்சவாயர்களை நினைத்தாலே அவனுக்குச் சிரிப்பு வரும்.

ஒரு மத்தியானம் குருபோங்கிலிருந்து அஞ்சலை என்பவள் வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காக மூன்றாவது போத்தல் வேண்டுமாம். தைக்குள் வயிற்றில் ஒன்று தங்காவிட்டால் புருஷனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்களாம். விலையைக் குறைக்கச் சொன்னாள்.

"வெலய கொறச்சா மருந்து கேக்காதும்மா."

"அப்ப இத எடுத்துக்குங்கண்ணே. கெம்புத் தோடு. கல்யாணத்துல அதோட அப்பா போட்டதாம். முப்பது வெள்ளி பெறும், மிச்சம் வேணாமாம்."

அவன் தராசைத் தொடவில்லை. கல் கண்ணாடி, தங்கம் வெறும் முலாம்; குருபோங் சம்பந்தியை ஏமாற்றி மகள் ஜெயாவின் காதில் அவனே மாட்டிய தோடு. அந்த அப்பா இவன்தான் என்பது அஞ்சலைக்குத் தெரியாது.

"அந்தப் புள்ள நேர்ல வரக்கூடாதா?"

"கூச்சப்படுது. ஆனா இந்தக் கடையிலதான் வாங்கணும்னு சொல்லிடுச்சு. மருந்துல பொய் சொல்ல மாட்டீங்களாம் நீங்க."

தைக்கு இன்னும் மூன்று மாசம். உண்மையைச் சொன்னால் மகள் பெரிய ஆஸ்பத்திரிக்காவது போவாள்; கடை போய்விடும். தோடு போலி என்றால் மானம் போய்விடும். கடையையும் மானத்தையும் நிறுத்துப் பார்த்தான். மகள் எந்தத் தட்டிலும் இல்லை.

போத்தலைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி என்று நினைவூட்டவும் செய்தான்.

அவள் போனதும் கணக்குப் புத்தகத்தை விரித்தான். யார் பேரில் என்ற இடத்தைக் காலியாக விட்டு, கீழே எழுதினான்: லேகியம் ஒன்று, வெள்ளி 18.00. வரவு, தோடு ஒரு ஜோடி, வெள்ளி 1.20. பாக்கி, வெள்ளி 16.80.