விளக்குக்கு ஏந்தாத கிண்ணம்

மேலைக் குன்றுகளின் பின்னே கதிரவன் இறங்க, அவன் விட்டுச்சென்ற செம்மை தணியும் அடுப்பின் தணல்போல் ஊசியிலைக் காட்டின் முடிகளில் சற்றே தங்கிப் பின் அவிய, ஆற்றிலிருந்து எழுந்த பனி ஓட்டுக் கூரைகளைத் தழுவத் தொடங்கிய முன்பனிக்காலத்து மாலையொன்றில், ஜார்ஜிய மலையூராகிய ஸெமோவெலியில், ஷால்வாவின் முற்றத்தில் புதைத்திருந்த தாழியின் வாய் திறக்கப்பட்டது. புதுத் திராட்சைத் தேறலின் மணம் பரவ, நீண்ட மேசையைச் சூழ்ந்து ஊரார் அமர்ந்தனர்.

அன்பரே, அவ்வூரில் கையொப்பத்திற்கு முந்தியது கிண்ணம். விருந்துத் தலைவன் எதை வாழ்த்துகிறானோ அதற்கு யாவரும் கிண்ணத்தைக் குடித்து முடித்துவிட்டால், பின்னர் மாற்றிப் பேச எவருக்கும் நா எழாது. அன்று ஷால்வா வாழ்த்த இருந்தது, பனிச்சறுக்கு விடுதி கட்டும் பெசாரியோன் எதிர்மலை முழுதும் நடவிருந்த பெருவிளக்குகளை.

மலையுச்சி விண்ணோக்குக் கூடத்தில் நெடுங்காலமாக ஒரே விண்மீனை நோக்கிவரும் லமாராவும் அங்கிருந்தாள். டவ் செட்டி என்னும் அம்மீன் நம் கதிரவனை ஒத்தது. விண்ணளவில் நமக்கு அண்டை வீடு. எதிர்மலை ஒளிர்ந்தால் அது அவ்வொளியில் மூழ்கிவிடும்.

"லமாரா அக்கா, மூஞ்சி ஏன் தொங்குது? உன் மாப்பிள்ளைக்கு வெளிச்சம் ஆகாதோ?" என்றான் பெசாரியோன்.

"என் மாப்பிள்ளை சத்தமில்லாம வந்து நிப்பான். உன்னை மாதிரி ஊர் கண்ணுல டார்ச் அடிக்க மாட்டான்."

சிரிப்பு அவன் பக்கமிருந்து அவள் பக்கம் சாய்ந்தது. ஷால்வா கிண்ணத்தை உயர்த்தினார்.

"விளக்குக்கு! நம்ம பசங்க வேலை தேடி ஊரை விட்டு ஓடாம இருக்கணும். லமாரா, வார்த்தையை உனக்குத் தர்றேன். பேசிட்டுக் குடி."

தரப்பட்ட வார்த்தையை மறுப்பது அவ்வீட்டையே இகழ்வதாகும். லமாரா எழுந்தாள். சொல்வதற்கு ஒன்று அவளிடம் இருந்தது; ஒரு தந்தையின் துயரை அளவுகோலால் தொடலாகாதென்று அதுவரை அடக்கி வைத்திருந்தாள். இப்போது அதை எடுப்பது உண்மைக்காகவா, தான் விரும்பும் மீனுக்காகவா? இரண்டையும் பிரித்தறிய முயன்றாள், இயலவில்லை. ஆயினும் பேசினாள்.

"ஷால்வா அண்ணே, நான் செத்தவங்களுக்குக் குடிக்கிறேன்."

அக்கிண்ணத்திற்கு எவரும் அமர்ந்திருக்கலாகாது. பலகைகள் கிறீச்சிட, யாவரும் எழுந்தனர்.

"தென்கிழக்குல, அந்த மேட்டுக்கு மேல என் நட்சத்திரம் இருக்கு. இன்னிக்கு வர்ற அதோட வெளிச்சம் கிளம்பிப் பன்னெண்டு வருஷம் ஆகுது. அது கிளம்பினப்போ உன் ராமாஸ் இதே முத்தத்துல விறகு பொளந்துட்டு இருந்தான்."

ராமாஸ் ஷால்வாவின் மகன். பதினோராண்டுகளுக்கு முன் நிலச்சரிவு அவனை விழுங்கியிருந்தது.

"செத்தவனை வச்சு வியாபாரம் பண்றியா?" என்று சீறினான் பெசாரியோன்.

"வியாபாரம் உன்னோடது. நான் குடிக்கிறேன்." அவள் கிண்ணத்தைக் குடித்து முடித்தாள்.

ஷால்வா தென்கிழக்கு மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பின்பு, "அவன் இருந்தப்போ கிளம்பின வெளிச்சம் இன்னும் எவ்வளவு நாள் வரும்?" என்றார்.

"அடுத்த திராட்சை அறுப்பு வரைக்கும்."

அவரே நடந்துசென்று முற்றத்து விளக்கை அணைத்தார். இருளுக்குக் கண் பழகியதும், மேட்டின் மேல், சிந்திய உப்புத்துகள் போல் அது தெரிந்தது. அவர் இறந்தோர் பங்காக ரொட்டித் துண்டின்மேல் தேறலைச் சொட்டவிட்டு, எஞ்சியதைக் குடித்தார்.

"விளக்குக்கு இந்த மேசையில கிண்ணம் கிடையாது," என்றார். பிறகு லமாராவின் முகம் பாராமலே, "நீ பண்ணினது எனக்குப் பிடிக்கல," என்றார்.

"தெரியும்ணே."

"சரி, உக்காரு. அப்பம் ஆறுது."

பெசாரியோன் மேலங்கியை எடுத்துக்கொண்டான். "அடுத்த அறுப்புக்கு வர்றேன். அப்போ என்ன சொல்லுவே?"

"வா. அப்போ வேற வீட்டுப் பிள்ளையோட வெளிச்சம் வந்துட்டு இருக்கும்."

எவரும் சிரிக்கவில்லை. இறந்தோர் இல்லாத வீடு அவ்வூரில் ஒன்றும் இல்லை. இருளில் நின்ற ஒவ்வொருவரும் தத்தம் வீட்டார் இறந்த ஆண்டை எண்ணியவாறு தென்கிழக்கை நோக்கியிருந்தனர். விளக்கை மீண்டும் ஏற்றச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.