கால் மீட்டர் திரைத்துணி

ஆறு வயதுப் பையன் ஒருவனின் உயிருக்கு என் தங்கச்சி போட்ட விலை, கால் மீட்டர் திரைத்துணி.

விலை போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கள் திரைத்துணிக் கடையில் அளப்பதும் வெட்டுவதும் அவள், வாயடிப்பது நான். வாசலில் நுழைகிற ஆளின் செருப்பைப் பார்த்தே, எவ்வளவு பேரம் பேசுவார், எதில் படிவார் என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தன் பாவங்களை நம்பர் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவற்றில் எது தன் மகனைக் கொன்றது என்று கண்டுபிடிக்க.

பையன் போய் நான்கு மாதம். காய்ச்சல், மூன்றே நாள். மூளைக்குப் பரவிவிட்டது, யார் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அந்தக் காலி இடத்தில்தான் செண்ட் ஐயா வந்து உட்கார்ந்தார்.

செண்ட் ஐயா வெளியூர்ப் பிரசங்கியார். அவர் வந்துபோன அரை மணி நேரத்துக்குப் பிறகும் கடையில் வாசனை நிற்கும். பெயர் நான் வைத்ததுதான். எங்கள் சபையில் ஒரு மாதம் சிறப்புக் கூட்டம் நடத்த வந்திருந்தார். மேடைக்கு வெள்ளைத் திரை வேண்டுமென்று கடைக்கு வந்தார். பதினெட்டு மீட்டர்.

"ஊழியக்காரருக்கு என்ன சலுகை பண்ணுவீங்க?"

"மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர் தருவேங்க ஐயா. எல்லாருக்கும் தர்ற மாதிரியே."

அவர் சிரித்துவிட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பலகையைப் பார்த்தார். தொடக்கம் கொஞ்சமாக இருந்தாலும் போகப் போகப் பெருகும் என்று சொல்கிற வசனம், தங்க எழுத்தில். மாடிப்படிக்குக் கீழே மூன்றடி அகலத்தில் நான் கடை போட்டபோது வாங்கியது. வியாபாரிக்கு இதைவிடத் தோதான வசனம் வேதத்தில் ஏது?

அப்போதுதான் யாரோ அவரிடம் பையனைப் பற்றிச் சொன்னார்கள். அவர் தங்கச்சியைப் பரிவோடு பார்த்தார்.

"மகளே, இந்த வாக்கு பொய்யாகாது. பெருக வேண்டிய வீட்டுல குறைஞ்சிருக்குன்னா, எங்கேயோ மறைச்சு வெச்ச பாவம் இருக்கு. தேடு. கண்டுபிடி. கடைசி ஞாயித்துக்கிழமை சபை முன்னாடி அறிக்கை பண்ணு. இன்னொரு பிள்ளை தருவார்."

அவர் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். மனுஷர் நம்பித்தான் சொன்னார். கள்ள நோட்டைத் தெரியாமல் கொடுக்கிறவரிடம் வாங்கினாலும், வாங்கினவனுக்குத்தானே நஷ்டம்?

கடைசி ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தங்கச்சி கத்திரியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, கிடைச்சிடுச்சு."

"என்னது, போன வாரம் தொலைஞ்ச அளவு டேப்பா?"

"நாற்பத்து மூணாவது."

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு டீச்சர் நாலு மீட்டர் கேட்டாராம். சுருளில் இருந்தது மூணே முக்கால். துணியை இழுத்துப் பிடித்து நாலு என்று அளந்து, மடித்துக் கொடுத்துவிட்டாளாம்.

"கால் மீட்டருக்கு ஒரு பிள்ளையா? எந்த மார்க்கெட்லம்மா இந்த ரேட்டு?"

அவள் சிரிக்கவில்லை. "நீ எதையும் பேரம் பண்ணுவே. இதுல பேரம் கிடையாது. ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு சொல்லப்போறேன், என் பிள்ளையை நான்தான் கொன்னேன்னு."

அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த மாப்பிள்ளை, என்னைத் தெருவுக்கு இழுத்துப்போனார். லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"மச்சான், நடுவுல நின்னுபோன லிஃப்ட்ல இருந்து எத்தனை பேரை வெளிய எடுத்திருக்கேன். இவளை எடுக்கத் தெரியல. அவ அதைச் சபையில சொல்லிட்டான்னா அதுவே நிஜமாயிடும். சின்னவளுக்கு நாலு வயசு. அவ வளர்ற வரைக்கும், பார்க்கிறவன் எல்லாம் 'உங்கம்மாதானே'ன்னு ஆரம்பிப்பான்."

சனிக்கிழமை எனக்கு வியாபாரம் ஓடவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நடக்கப் பழகும் முன்பே சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. பெரிய சரக்கு வரப்போகிறது என்று கடிதம் வந்தால், உள்ளே இருக்கும் தொகையைப் பார்த்து வாயைப் பிளக்காதே. முதலில் அடியில் யார் கையெழுத்து என்று பார். இருபது வருடமாகத் தலைக்கு மேல் தொங்குகிற கடிதத்தில் நான் கையெழுத்தைப் பார்த்ததே இல்லை. பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போதகர் வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் போதகருக்கு மெதுவண்டி என்று பெயர். அதுவும் நான் வைத்ததே. ஒரு வசனத்தை எடுத்தால் இரண்டு வாரம் நகரமாட்டார். யார் சொன்னது, யாரிடம், எதற்கு, முன்னால் என்ன, பின்னால் என்ன. புதன்கிழமை வகுப்பில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் ஃபேன் காற்றுக்காக வருகிறவர்கள். நான் போனபோது, நர்ஸ் வேலைக்குப் போன மனைவிக்காகச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, இந்தச் சரக்கு யார் அனுப்பினது?" என்று பலகையை மேசையில் வைத்து, விஷயத்தையும் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "உங்க தங்கச்சிகிட்டயா அப்படிச் சொன்னார்?" "கடைக்கு வரும்போதெல்லாம் இந்தப் பலகையைப் பார்ப்பேன். சொன்னா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு வாயை மூடிக்கிட்டு வந்துடுவேன். அது என் தப்பு." கையைக் கழுவி வேதத்தை எடுத்து நீட்டினார். "ஆரம்பத்துல இருந்து படிங்க. சத்தமா."

படித்தேன். ஒரே நாளில் சொத்தையும் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்து, உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்த நல்ல மனிதரின் கதை. கதை எனக்குத் தெரியும். ஆறுதல் சொல்ல மூன்று கூட்டாளிகள் வருவார்களே, அதில் இரண்டாவது ஆள் வாயைத் திறக்கும் இடத்துக்கு வந்தேன். என் தங்க எழுத்து அங்கே இருந்தது. அதற்கு மூன்று வரி மேலே, அதே வாயால், உன் பிள்ளைகள் தப்புப் பண்ணியிருப்பார்கள், அதனால்தான் போனார்கள் என்று அந்த அப்பனிடமே சொல்லிக்கொண்டிருந்தார் அந்த ஆள்.

"ஐயா! இது கடவுள் சொன்னது இல்லையா?"

"இல்ல."

"எதிர்க்கட்சி வக்கீல் பேச்சையா இருபது வருஷமா கல்லாவுக்கு மேல மாட்டி வெச்சிருக்கேன்?"

"அந்தக் கதையோட கடைசிப் பக்கம் பாருங்க."

பார்த்தேன். கடைசியில் கடவுளே பேசுகிறார். இந்தக் கூட்டாளிகள் மேல் கோபமாக இருக்கிறார். என்னைப் பற்றி இவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

போதகர் மறுபடி வெங்காயத்தை எடுத்தார். "வேதத்துல எழுதியிருக்கிறது உண்மை. ஆனா அதுல பேசுற எல்லாரும் உண்மை பேசலை. சாத்தானும்தான் வசனம் பேசுறான். அதனாலதான் நான் மெதுவா போறேன்."

பெயர் அவர் காதுக்குப் போயிருக்கிறது. எனக்குக் கண் எரிந்தது, வெங்காயத்தால் இல்லை.

"அப்ப பையன் ஏன் போனான் ஐயா?"

"தெரியாது. அந்த மனுஷனுக்கும் கடைசி வரைக்கும் சொல்லலை. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னவங்க மேலதான் அவருக்குக் கோபம்."

ஓட்டமாகப் போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். காதில் வாங்கவில்லை. "நஷ்டத்தையே லாபமாக் காட்டுறவன் நீ. உன் கணக்கு எனக்கு வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் எங்கள் பதினெட்டு மீட்டர் வெள்ளை. செண்ட் ஐயா அறிக்கை செய்கிறவர்களை அழைத்தார். தங்கச்சி பில் புத்தகத்தோடு எழுந்து முன்னால் போனாள். கடைசி வரிசையில் சின்னவளை மடியில் வைத்திருந்த மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

மெதுவண்டி எழுந்தார். அன்றைக்கு அவர் மேடைக்கு நடந்த வேகத்தைப் பார்த்துச் சபையே நிமிர்ந்தது.

"அம்மா, பேசறதுக்கு முன்னாடி ரெண்டே பக்கம் படிக்கணும். நீங்களே படிங்க."

"பாஸ்டர், நேரமாகுது" என்றார் செண்ட் ஐயா.

"நாலு மாசமா இவங்களுக்கு நேரமே நகரலைங்க ஐயா. பத்து நிமிஷம் கொடுங்க."

தங்கச்சி படித்தாள். துணி அளக்கும்போது மீட்டர் எண்ணுகிற அதே குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல். பிள்ளைகளைப் பற்றிய வரி வந்ததும் நின்றாள். திரும்ப ஒரு தடவை படித்தாள். மூன்று வரி தள்ளி எங்கள் கடைப் பலகை. மறுபடி நின்றாள். விரல் பக்கத்தின் மேலே போனது. அவளும் எங்கள் வீட்டில் வளர்ந்தவள்தானே.

"இது யார் பேசுறது?"

போதகர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். படிக்கப் படிக்க அவள் குரல் ஏறியது. கடவுள் கோபப்படும் இடத்தில் மைக்கே தேவைப்படவில்லை.

செண்ட் ஐயா பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க என் கடையில சொன்னதும் இதே பேச்சுதானே?"

"வேதத்துல உள்ளதைத்தான் சொன்னேன், மகளே."

"உள்ளதுதாங்க. ஆனா கையெழுத்து வேற ஆளோடது." பக்கத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். "பிறவியிலேயே கண் தெரியாதவரைக் காட்டி, இது இவர் பாவமா, பெத்தவங்க பாவமான்னு கேட்டப்போ, ரெண்டும் இல்லன்னு நம்ம ஆண்டவர் சொன்னாரே. அது அவர் கையெழுத்து."

பிறகு சபையைப் பார்த்து நின்றாள். நான்கு மாதமாகக் குனிந்தே இருந்த முதுகு, புதுச் சுருளைப் பிரித்ததுபோல் நேரானது.

"டீச்சரை நான் கால் மீட்டர் ஏமாத்தினேன். அது பாவம், என்னோடது. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துடுவேன். ஆனா என் பிள்ளையை நான் கொல்லல!"

முதலில் மாப்பிள்ளை எழுந்தார். அப்புறம் அவருக்கு முன்வரிசை, அதற்கு முன்வரிசை. யாரும் தொடங்காமலே பாட்டு தொடங்கியது. கூரைத் தகடு அதிர்ந்தது. எந்தப் பாட்டுக்கும் உதட்டை மட்டும் அசைக்கிற நான், அன்றைக்குத் தொண்டை கட்டுகிறவரை பாடினேன்.

சத்தம் அடங்கியதும் போதகர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அந்தப் பக்கத்துல இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

பார்த்தாள். சாம்பலில் உட்கார்ந்தவர் அந்தக் கூட்டாளிகளுக்காக ஜெபிக்கும் இடம்.

"இது வேறயா?" என்றாள். சபை சிரித்தது. அவளும் சிரித்தாள், நான்கு மாதத்தில் முதல் தடவை. பிறகு செண்ட் ஐயாவிடம் போய், அவருக்காகக் கண்ணை மூடி ஜெபித்தாள். செண்டையும் மீறி வேர்த்துப்போயிருந்தது மனுஷருக்கு. அவள் முடித்ததும் வேதத்தைக் கை நீட்டி வாங்கி, நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை டீச்சர் வீட்டில் துணியை நீட்டினாளாம். "அன்னிக்கே தெரியும்மா, ஜன்னலே சின்னதுதான்" என்றாராம் டீச்சர்.

புதன்கிழமை வகுப்பில் பத்துப் பேர். எட்டாவது தங்கச்சி, ஒன்பதாவது நான். பத்தாவது ஆள் யார் என்று திரும்பிப் பார்க்கவே தேவையில்லை, வாசனையே சொல்லிவிட்டது. வகுப்பு முடிந்து தங்கச்சி பில் புத்தகத்தைப் போதகரிடம் காட்டினாள். கால் மீட்டரைத் துணி கொடுத்து அடைத்ததாக அவள் எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னார். பாவத்தை அடைக்க அந்தத் துணி போதாது, அதைக் கட்டியவர் வேறு. டீச்சருக்குச் சேரவேண்டியது துணி மட்டும்தான் என்றார். அடித்துத் திருத்தி எழுதினாள். கடைசிப் பக்கம் இப்போது இப்படி நிற்கிறது:

பாவம், நாற்பத்து மூன்று. சிலுவையில் ஒருவர் முழுதும் கட்டிவிட்டார். பாக்கி இல்லை.

டீச்சருக்குத் துணி, கால் மீட்டர். கொடுத்தாச்சு. கையெழுத்து வாங்கியாச்சு.

செண்ட் ஐயா, மேடைத் திரை, பதினெட்டு மீட்டர். பணம் இன்னும் வரவேண்டும்.

பையன். இந்தக் கணக்கில் இல்லை.