மண் இல்லாத கடல்

பேகம்பூரில் கமர்ஜஹான் வீட்டுத் தரையைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சோற்றைக் கீழே கொட்டினால் அப்படியே அள்ளிச் சாப்பிடலாம் என்பார்கள். பாராட்டிச் சொல்கிறார்களா, செருப்பை எங்கே கழற்றுவது என்று பயந்து சொல்கிறார்களா என்பது வேறு விஷயம். பாய் விரித்து மூடிய தரை அந்த அம்மாவுக்கு ஆகவே ஆகாது. “பாய்க்கு அடியில என்ன கெடக்குன்னு யாரு கண்டா?” என்று சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவாள்.

அப்பேர்ப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்த ருக்ஸார், சீர்வரிசையோடு ஒரு கண்ணாடித் தொட்டியையும் கொண்டுவந்து இறக்கினாள். பீரோவும் கட்டிலும்கூட வந்தன. தெருவே கூடிப் பார்த்தது என்னவோ தொட்டியைத்தான். உள்ளே கடல் தண்ணீர், கடல் மீன், உயிருள்ள பவளம். கடல் எங்கே, திண்டுக்கல் எங்கே! குடிதண்ணீருக்கே குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடிய ஊர் இது.

“நம்ம ஊரு போர்த் தண்ணியே உப்புத்தான். அதுக்கு மேல எதுக்கு உப்பை வேற வாங்கிக் கலக்குறா?” என்று மாமனார் கிதர் முகம்மது கேட்டார். தோல் மண்டிக்காரர். தோலுக்குப் போடும் உப்பு மண்டியில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்க, மருமகள் பெங்களூரிலிருந்து உப்பு வரவழைத்தது அவருக்குத் தாங்கவில்லை.

“அது வேற உப்புங்க மாமா. போர்த் தண்ணியில இருக்கறதை மொதல்ல எடுத்துட்டு, அப்புறம் கடல்ல இருக்கறதைப் போடோணுமுங்க” என்றாள் ருக்ஸார். நெய்க்காரப்பட்டிப் பெண். கோபம் வந்தால்கூட ‘ங்க’ போட்டுத்தான் கோபப்படுவாள்.

கமர்ஜஹானுக்கு உப்பு ஒரு பொருட்டே இல்லை. அவளுடைய மனக்குறை எல்லாம் தொட்டியின் அடியைப் பற்றித்தான். அடியில் மண் கிடையாது, கூழாங்கல் கிடையாது, வெறும் கண்ணாடி. பார்க்க வந்த பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி முகவாயில் கைவைத்துக்கொண்டு, “என்ன கமரு, இன்னும் வேலை முடியலையா? அடி மொட்டையாக் கெடக்கே” என்று கேட்டுவிட்டாள். மேலே கோமாளி மீன்கள் ஜோடி போட்டு ஆடுகின்றன, பாறையில் பவளம் பூத்து நிற்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் கண் இல்லாத மண்ணைத்தானே தேடிப் போயிருக்கிறது! கமர்ஜஹானுக்குச் சுருக்கென்று தைத்தது.

“ஏம்மா ருக்ஸாரு, ரெண்டு கூடை மண்ணு போட்டா என்ன கெட்டுப்போச்சு?”

ருக்ஸார் மாமியாரைத் தொட்டிக்கு எதிரே உட்காரவைத்தாள். “மாமி, மண்ணு போட்டா மீன் போடற அழுக்கும், திங்காம விட்ட தீனியும் அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்குமுங்க. ஒளிஞ்ச அழுக்கு உள்ளயே அழுகும். வெறுந்தரைன்னா ஒரு துளி விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். உடனே எடுத்துப்போடலாமுங்க.”

கமர்ஜஹான் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். இது அவளுடைய சொந்தச் சட்டம் அல்லவா! பாய்க்கு அடியில் என்ன கிடக்கிறது என்று இத்தனை வருஷமாக அவள் கத்தியதை, இந்தப் பெண் ஒரு கடலுக்கே சட்டமாகப் போட்டு வைத்திருக்கிறாள். ருக்ஸார் இன்னொரு காரணமும் சொன்னாள். மான்கொம்புப் பவளத்துக்கு நல்ல வேகமான அலை வேண்டும், அதற்காக இரண்டு பக்கமும் மோட்டார் ஓடுகிறது, மண் இருந்தால் அவ்வளவு வேகம் வைக்க முடியாது என்றாள். அது கமர்ஜஹான் காதில் விழுந்ததோ இல்லையோ, மனசில் விழவில்லை. முதல் காரணத்திலேயே அவள் சொக்கிப்போயிருந்தாள்.

அன்றிலிருந்து மாமியார் மருமகளைக் கண்கொட்டாமல் பார்க்க ஆரம்பித்தாள். ஒல்லிக் குழாயை விட்டு அடியில் கிடக்கும் தூசியை ருக்ஸார் உறிஞ்சி எடுக்கிற அழகே அழகு. ஒரு மீன்கூட மிரளாது. ஊசி இல்லாத மருந்துச் சிரிஞ்சால் பவளத்தின் இடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசி தட்டுவாள். மான்கொம்புப் பவளம் அவள் கல்லூரியில் படிக்கும்போது நகத்தளவு துண்டாக வாங்கியதாம். கடலில் ஒடித்தது இல்லை, தொட்டியிலேயே வளர்ந்த ஒன்றிலிருந்து வெட்டித் தந்தது. இப்போது உள்ளங்கை அகலம் கிளைவிட்டு, நுனியெல்லாம் ஊதா. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்துகிற நாளில் வீட்டு இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடாது, அலை மோட்டார்தான் ஓடும். கிதர் முகம்மது விசிறியால் விசிறிக்கொண்டே முணுமுணுப்பார். “பொறுத்துக்கங்க, அதுக்கு மூச்சு முட்டும்ல” என்று கமர்ஜஹான்தான் அவரை அடக்குவாள். கட்சி மாறிவிட்டாள்!

ருக்ஸாருக்கு ஏழாம் மாதம் ஆயிற்று. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அழைத்துப் போக நெய்க்காரப்பட்டியிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் தொட்டிக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் அஸ்பாக் தோல் வாங்க ஊர் ஊராகப் போகிறவன். ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்று என்றாலே மறந்துவிடுவான்.

“எதுக்குடி அழுவுற? உன் பிள்ளைய நீ பாரு, இதை நான் பாக்குறேன். இது எனக்கு அமானிதம். குடுத்ததைக் குடுத்தபடி திருப்பித் தருவேன், போ” என்றாள் கமர்ஜஹான்.

அமானிதம் என்பது சும்மா வாயில் வருகிற வார்த்தை இல்லை. நம்பி ஒப்படைத்த பொருள். ஒரு பொட்டு குறையக்கூடாது, மறுமையில் கேள்வி உண்டு. சொன்னபிறகுதான் கமர்ஜஹானுக்கே அதன் கனம் உறைத்தது. ருக்ஸார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். “மாமி, என்ன ஆனாலும் ஒரு டிரம் உப்புத்தண்ணி எப்பவும் கலந்து தயாரா இருக்கோணுமுங்க. அது இருந்தா எதையும் காப்பாத்திப்போடலாம்.”

கமர்ஜஹான் பார்த்தாள் பாருங்கள், அப்படிப் பார்த்தாள்! விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டுத் தொட்டிக்கு வருவாள். தூசியை உறிஞ்சுவாள், கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றுவாள், ஒரு சிட்டிகை தீனி போடுவாள். உப்பின் அளவைக் காட்டும் கருவியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவள் பார்ப்பதைப் பார்த்து, “என்னடி, பிறை பாக்குறியா?” என்று புருஷன் கேலி செய்தார். மீனுக்கு மீன் முகம் தெரியும் என்பதும், ஒன்று முறைத்துக்கொண்டால் மற்றது வாலை ஆட்டி ஆட்டிச் சமாதானம் செய்யும் என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை நுணுக்கத்தையும் ஒண்டி ஆளாகப் படித்துக் கற்றுக்கொண்டு, வாய் திறந்து பெருமை பேசாமல் ஒரு பெண் தன் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாளே என்று நினைத்தால் அவளுக்கு நெஞ்சு விம்மியது. வீடியோ காலில் தொட்டியைக் காட்டினால் ருக்ஸார், “வெறும் நீலமாத்தான் தெரியுதுங்க மாமி, உங்க முகமே நீலமா இருக்குது” என்று சிரிப்பாள். அந்த விளக்கு அப்படி.

பெண் குழந்தை பிறந்தது. பாஸிலா என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் கழிந்து தாயும் பிள்ளையும் வரும் நாள் குறித்தாயிற்று. கமர்ஜஹான் வீட்டுக்கு வெள்ளையடித்தாள், திரைச்சீலை மாற்றினாள், தொட்டில் கட்டினாள். எல்லாம் புதுசு. தொட்டியில் மட்டும் என்ன புதுசு? சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! தம்பி இஷாக் ஏர்வாடி தர்காவுக்குப் போயிருந்தான். அவனுக்குப் போன் போட்டாள். “வரும்போது ஒரு சாக்கு கடல் மண்ணு எடுத்துட்டு வா. நல்ல வெள்ளையாப் பாத்து.”

கடல் மீனுக்குக் கடல் மண், இதில் என்ன தப்பு? அழுக்குத்தானே ஒளியும், அதைத் தினம் தான் கிளறி எடுத்துவிடலாம் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டாள். சம்பந்தி வீட்டார் வருவார்கள், ஜெய்தூன் பீவியும் வருவாள். யாரும் இனி மொட்டை என்று சொல்லக்கூடாது.

மறுநாள் ருக்ஸார் வருகிறாள் என்றால் முந்தின நாள் காலையில் வேலையைத் தொடங்கினாள். மண்ணை அரிசி களைகிற மாதிரி களைந்து களைந்து ஊற்றினாள். மோட்டார்களை நிறுத்திவிட்டு, கிண்ணம் கிண்ணமாக இறக்கிப் பரப்பினாள். அடி முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. மாஷா அல்லாஹ், என்ன அழகு! செத்த நேரம் நின்று ரசித்துவிட்டு மோட்டார் சுவிட்சைப் போட்டாள்.

புழுதிக் காற்றடித்த மாதிரி மண் மொத்தமும் எழும்பியது. கண் மூடித் திறப்பதற்குள் தொட்டி நோன்புக் கஞ்சி ஆகிவிட்டது. மீனைக் காணோம், பாறையைக் காணோம். “யா ரப்பே!” என்று அலறிக்கொண்டு சுவிட்சை அணைத்தாள். மெல்ல மெல்ல மண் இறங்கியது. எங்கே? பவளத்தின் கிளைகள் மேல். பூத்துக் கிடந்த மான்கொம்பு முழுக்க வாயை மூடிக்கொண்டு வழவழவென்று கோழை கக்கியது. மண் இருந்தால் அவ்வளவு வேகம் வைக்க முடியாது என்று ருக்ஸார் சொன்னது அப்போதுதான், காலம் கடந்து, அவள் மனசில் விழுந்தது.

போனை எடுத்தாள். எண்ணைத் தேடினாள். வைத்துவிட்டாள். பால் கொடுக்கிற பெண்ணை அங்கே பதறவிட்டு என்ன ஆகப்போகிறது? கெடுத்தவள்தான் சரிபண்ண வேண்டும். ஒல்லிக் குழாய் பற்றாது என்று தடித்த குழாயைச் செருகி மண்ணை உறிஞ்ச ஆரம்பித்தாள். மண்ணோடு தண்ணீரும் வாளி வாளியாக இறங்கியது.

மத்தியானம் சாப்பிட வந்த கிதர் முகம்மது வாசலிலேயே நின்றார். முக்காடு நழுவி, புடவை நனைந்து, மனைவி அழுதுகொண்டே குழாயைப் பிடித்திருந்தாள்.

“இன்னிக்குச் சோறும் இல்ல, வெஞ்சனமும் இல்ல. இந்த வாளியப் புடிங்க” என்றாள்.

நாற்பது வருஷ மண்டிக்காரர், ஏன் எதற்கு என்று கேட்காமல் சட்டையைக் கழற்றிவிட்டு வாளியைப் பிடித்தார். கொல்லைக்கும் கூடத்துக்குமாக நடந்தார். தண்ணீர் பாதிக்குக் கீழே போனபோது அவருக்கே பயம் வந்தது. “கமரு, இனி தண்ணிக்கு எங்க போறது?”

“டிரம்மு இருக்குங்க. கலந்து தயாரா இருக்கு. அந்தப் புள்ள சொல்லிட்டுப் போச்சு” என்றாள். சொல்லிக்கொண்டே அடுத்த வாளியை நீட்டினாள். போகிற அவசரத்திலும், அழுகையிலும், இப்படி ஒரு நாள் வரலாம் என்று யோசித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளே!

சிரிஞ்சால் கிளை கிளையாகப் பீய்ச்சி மண்ணைத் தட்டினாள். டிரம் தண்ணீரை ஊற்றினாள். மோட்டாரைப் போட்டால் இன்னும் கொஞ்சம் எழும்பும், மறுபடி உறிஞ்சினாள். பொழுது சாயும்போது தரை பழையபடி மொட்டையானது. மொட்டைத் தரை அவ்வளவு அழகாக அவளுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. மீன்கள் பாறைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தன. மான்கொம்பு மட்டும் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தாள். மேல் கிளைகளில் மயிர் மயிராகப் பூ எட்டிப் பார்த்திருந்தது. கீழே ஒரு கிளை வெளிறிக் கிடந்தது. அதற்குள் வாசலில் கார் சத்தம். எல்லோரும் குழந்தையைப் பார்க்க ஓடினார்கள். கமர்ஜஹான் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

ருக்ஸார் குழந்தையோடு நேரே உள்ளே வந்து, மாமியாருக்கு சலாம் சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. வெறுந்தரையில் ஒரு மூலையில் நாலைந்து வெள்ளை மணல் துகள்கள் கிடந்தன. வெறுந்தரை ஆயிற்றே, எதை ஒளிக்கும்?

“மாமி, மண்ணு போட்டீங்களாங்க?”

“போட்டேன்மா” என்றாள் கமர்ஜஹான். மறைக்க அவளுக்குத் தெரியாது. “நீ வர்றதுக்கு அழகாருக்கட்டும்னு போட்டேன். நேத்து முழுக்க அள்ளினேன். அந்தக் கீழ்க்கெள போயிருச்சு. குடுத்ததைக் குடுத்தபடி தருவேன்னு சொன்னேன். அமானிதத்தைக் காப்பாத்தலம்மா நான்.”

ருக்ஸார் தொட்டிக்கு முன்னால் குனிந்தாள். வெளிறிய கிளையைப் பார்த்தபோது அவள் முகம் வாடத்தான் செய்தது. பிறகு மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் விட்டுப்போனபோது உள்ளங்கை அகலம் இருந்தது, இப்போது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கிளை பிரிந்து நின்றது. நுனிக்கு நுனி புது ஊதா. போனில் வெறும் நீலமாகத் தெரிந்ததற்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

“மாமி” என்றாள், “இம்புட்டு நான் குடுக்கவே இல்லைங்களே.”

கமர்ஜஹானுக்குப் புரியவில்லை.

“குடுத்தபடி திருப்பித் தரோணும்னா, இத்தனை கெளையையும் ஒடிச்சுல்ல தரோணும்? நான் மட்டும் போனபடியா வந்திருக்கறனுங்க? ஒருத்தியாப் போனேன், ரெண்டு பேரா வந்திருக்கறனுங்க.” குழந்தையை எடுத்து நீட்டினாள். “புடிங்க. இனி இதை நீங்க பாருங்க, அதை நான் பாக்கறேன்.”

“கையெல்லாம் உப்புடி, கழுவிட்டு வாரேன்…”

“இருக்கட்டும் மாமி.”

கமர்ஜஹான் வாங்கிக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவில்லை. குழந்தை அவள் தோளுக்கு மேலே நீல வெளிச்சத்தைப் பார்த்தது. ருக்ஸார் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒல்லிக் குழாயை எடுத்து, மூலையில் கிடந்த மணலை உறிஞ்சப் போனாள்.