ஹாரன் அடிக்காத டிரைவர்

மதுரையில் அப்போது இரண்டு மோட்டார் பள்ளிகள் இருந்தன. ஒன்றில் புதுக் கார், மற்றதில் பழைய லாரி. கோச்சடை ஒச்சப்பனுக்கு லாரி வேலைதான் வேண்டும். அதனால் பழைய லாரியில் கற்று லைசென்ஸ் வாங்கினான்.

வேலை கேட்டுப் போனபோது, நெல் மண்டி முதலாளி ஷேக் தாவூது லாரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சமயநல்லூர் ரோட்டில் ஓட்டிக்காட்டச் சொன்னார்.

நடுரோட்டில் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரர் நல்ல தூக்கம். ஒச்சப்பன் வேகத்தைக் குறைத்து, தலையை வெளியே நீட்டி, நாக்கைச் சொடுக்கி, "ஹேய்... ஹேய்" என்றான். மாடுகள் தாமாகவே ஓரம் ஒதுங்கின.

"ஏம்ப்பா, இம்புட்டுப் பெரிய ஹாரன் எதுக்கு இருக்கு?" என்றார் தாவூது.

வேலை போயிற்று என்று நினைத்தான் ஒச்சப்பன். "முன்னாடி மாட்டுவண்டி ஓட்டுன பழக்கம், முதலாளி. ஹாரன் அடிச்சா மாடு மெரண்டுரும்."

தாவூது சிரித்துவிட்டார். "நம்ம லாரி போற மேலூர் ரோடு பூராவும் மாட்டுவண்டிதான். நாளைக்கே லோடு ஏத்தணும், வெள்ளன வந்துருப்பா."