பிரிச்சா எடுத்துக்கணும்

“மூடியைக் கழட்டிக் காட்டுங்க” என்றாள், மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் காட்டி.

கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பாவுக்கு முகமே செத்துப்போனது. என்ன வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே என்று பேருந்தில் வரும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அது லாரிக்காரர்களின் சட்டமாம். முத்திரை வைத்த சரக்கைப் பிரிக்கச் சொல்லக் கூடாது. சொன்னவன், உள்ளே செங்கல் இருந்தாலும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆயுசெல்லாம் அடுத்தவர் சரக்கை ஏற்றி இறக்கியவருக்கு அதுதான் வேதம். மகளுக்கோ தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. மூடியைத் திறப்பதும் தேறாததைத் தள்ளுவதும்தான் பிழைப்பு. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வாயும் அதற்கேற்ற நீளம்.

“சீல் இருக்கு மேடம். உள்ள எல்லாம் நல்ல ஐட்டம்தான்.”

“நல்ல ஐட்டம்னா காட்டுறதுக்கென்ன? ப்ராசசர் பேரை இவ்ளோ பெருசா ஒட்டியிருக்கீங்க. படத்தை நிக்காம ஓட்டுற கிராபிக்ஸ் கார்டு பேரை எங்கயும் காணோமே.”

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி” என்று அப்பா முந்திக்கொண்டார். “படிச்ச புள்ள. எதையும் நோண்டித்தான் பார்க்கும்.”

கம்ப்யூட்டர் அவருக்குத்தான். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் லைசென்ஸ் போயிற்று. லைசென்ஸ் போனதும் மனுஷர் யாரும் வந்து வாங்காத பார்சல் மாதிரி வீட்டுக்குள் கிடந்தார். பொழுது போகட்டுமே என்று தன் லேப்டாப்பில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு சாப்பிடக் கூப்பிட்டால், “லோடு இறக்கிட்டு வரேன்” என்றுதான் பதில் வரும். என்ன, வளைவு வந்தால் லேப்டாப்புக்கு மூச்சு முட்டிவிடும். படம் உறைந்துபோய், மறுபடி அசையும்போது லாரி பள்ளத்தில் கிடக்கும். “பாவம், இதுக்கும் என் வயசுதான்” என்று அதைத் தடவிக்கொடுப்பார். சாலையில் ஒருமுறைகூட வண்டியைக் கவிழ்க்காத மனிதர், கூடத்தில் உட்கார்ந்து தினமும் கவிழ்ந்துகொண்டிருந்தார். அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. கையிலிருந்த காசு ராஜாவுக்குப் பற்றாது, ஆண்டிக்கு மிஞ்சும். அதற்குள் வளைவில் நிற்காத ஒரு பெட்டி வேண்டும்.

கடைக்காரர் கெட்டவரில்லை. அலுத்துக்கொண்டாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சீலைக் கிழித்து, மூடியைக் கழற்றினார். கலர் விளக்குகளோடு வானவில்லாக மின்னிய அந்தப் பெரிய பெட்டிக்குள் பாதி இடம் காலி. நடுவே ஒல்லியாக ஒரு கார்டு, அவள் கல்லூரியில் சேர்ந்த காலத்துச் சரக்கு.

“ஆனைப் பசிக்குச் சோளப்பொரி” என்றாள்.

“அங்கிள் ஓட்டுறதுக்கு இது தாராளம் மேடம்.”

“அப்ப அவர் ஓட்டிப் பார்க்கட்டும்.”

வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக அந்த விளையாட்டை ஏற்கெனவே அதில் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா காலரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் மலைச்சாலை, நல்ல மழை. விரல்கள்தான் பொத்தான்மேல் இருந்தன; கீழே அவருடைய இடது கால் வெறும் தரையில் க்ளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தது. லாரி ஏறியது. ஏற ஏற முகத்தில் இருந்த வருஷங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வளைவு வந்தது. படம் நின்றது. அப்பா இல்லாத பிரேக்கை மிதித்து, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்தார். படம் அசைந்தபோது லாரி பள்ளத்தில் கிடந்தது.

“ஃபர்ஸ்ட் கிளாஸ்” என்றார். “இதையே போட்டுடுங்க தம்பி.”

“ப்பா, கவுந்துட்டீங்க.”

“மழைல்ல. நான்தான் கொஞ்சம் வேகமா திருப்பிட்டேன்.”

ஒரு துக்கடா கார்டுக்காகத் தன் கைமேல் தானே பழி போட்டுக்கொள்கிறார். அவளுக்கு வந்த கோபத்துக்குக் கடையையே கவிழ்த்திருக்கலாம். அதற்குப் பதில் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“பிரிச்சாச்சு பாப்பா” என்றார் காதோடு. “அந்தத் தம்பி சீலைக் கிழிச்சுக் காட்டியிருக்காரு. எடுத்துக்கணும்.”

“பிரிக்கச் சொன்னது நான்.”

“நீ சொன்னா நான் சொன்ன மாதிரிதான்.”

“நான் அங்க பொழுதன்னிக்கும் பெட்டி பிரிக்கிறேன். பிரிச்சதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா நீங்க எங்க படுப்பீங்க?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் பார்க்கிறாரே என்று அடக்கினார்.

“அப்படின்னா எனக்கு எதுவுமே வேணாம்மா. லேப்டாப்பே போதும்.”

“வேணாம்னு வாய்தான் சொல்லுது. கால் க்ளட்ச்சைத் தேடுதே.”

பாலில் வாய் வைத்து மாட்டிய பூனை மாதிரி அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அவர் ஆசை என்று காட்டிக்கொண்டது அந்த அளவுதான். அவளுக்கு அது போதும்.

“கொஞ்சம் குறைச்சுத் தரேன் மேடம்” என்றார் கடைக்காரர்.

“விலையில நிக்கலைங்க. வளைவுல நிக்குது.” அவள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி மூடியைத் தானே பொருத்தித் திருகினாள். “பிரிச்சுக் காட்டுனீங்க, அதுக்கு நன்றி. இது எங்கப்பாவுக்கு ஆகாது.”

கடைசித் திருகாணி இறுகும்போதே முடிவு செய்துவிட்டாள். விளக்கு வேண்டாம், பெரிய கேபினெட் வேண்டாம். தகர டப்பாவாக இருந்தாலும் சரி, காசு முழுக்கக் கார்டுக்கு. அடுத்த கடையிலும் இதையேதான் கேட்பாள், அதற்கடுத்ததிலும். பிரிப்பது அவள், விட்டுவிட்டுப் போவதும் அவள். அந்தப் பாவம் அப்பாவைச் சேராது.

“மனசுல வெச்சுக்காதீங்க தம்பி” என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளி, அவருக்காக அதைப் பிடித்தபடியே தெருவில் இறங்கினாள்.