என் நெளிசல் எங்கே?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். பெரியதாழையில் பிறந்து, கடல் இரைச்சலுக்கு மேல் கத்தியே வளர்ந்தவள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்தும் அது குறையவில்லை. என் வீட்டுக்காரர் ஆன்றோவின் பழைய டிரம்பெட்டே அதற்குச் சாட்சி.

நான் பல்வலியில் துடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்த மனிதர் அடுக்களை வாசலில் நின்று திருவிழாப் பாட்டு பழகினார். நிறுத்தச் சொன்னேன். கேட்கவில்லை. கையில் இருந்த தோசைக்கரண்டி பறந்தது. அவர் குனிந்து தப்பித்துவிட்டார், டிரம்பெட் தப்பவில்லை. அதன் விரிந்த முன்வாய் ஓரத்தில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு நெளிசல்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அங்கே வந்த கப்பலில் ஒரு மாலுமியிடம் வாங்கிய ஜப்பான் டிரம்பெட் அது. மாதா கோயில் பேண்டில் புதியது கொடுத்ததும், பழையதை ஆன்லைன் ஏலத்தில் போட்டார். போட்டதுதான் போட்டார், கீழே ஒரு வரியும் எழுதினார்: "முன்வாயில் ஒரு நெளிசல். மனைவி எறிந்த தோசைக்கரண்டி." அதற்குத் தனியாக ஒரு போட்டோ வேறு! பேண்டுக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் அந்தத் தனராஜ் என்னைத் தெருவில் கண்டதும், "மதினி, கையில கரண்டி இல்லையே?" என்று கேட்டுவிட்டு ஓடினான்.

"ஏங்க, ஊரே பாக்க என் மானத்தையா ஏலம் போடுதீங்க? அழிச்சு விடுங்க."

"உள்ளதச் சொல்லித்தானளா விக்கணும்," என்றார். அழிக்கவில்லை.

வெளியூர்க்காரன் ஒருவன் ஏலம் எடுத்தான். பொருள் கைக்கு வந்த அன்றே, "நெளிசல் சொன்னதைவிடச் சின்னதுதான். உங்கள் மனைவிக்கு என் வணக்கம்" என்று எல்லாரும் படிக்க எழுதி வைத்தான். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

போன வாரம் அதே ஆள் புகார் கொடுத்துவிட்டான். தனக்கு விற்றது போலியாம், ஜப்பான் பெயரைப் பொறித்த மட்டமான சரக்காம். பெட்டியும் கூரியரில் திரும்பி வந்தது. ஏலக் கம்பெனி இவர் பெயருக்குப் பக்கத்தில் "போலிப் பொருள் புகார்" என்று சிவப்பு எழுத்தில் போட்டு விளக்கம் கேட்டது.

இவர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

"அந்த மாலுமி என்ன ஏமாத்திட்டாம்ளா. இத்தன வருசமும் கள்ளச் சரக்கத்தான் ஊதிருக்கேன். அதையே நல்லதுன்னு வேற வித்துட்டேன்."

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"தெரியாம செஞ்சாலும் செஞ்சதுதான. அந்த வாயோட மாதா சப்பரத்துக்கு முன்னால எப்பிடி ஊதுவேன்?"

தனராஜ் வந்து கெஞ்சியும் ஒத்திகைக்குப் போகவில்லை. இவர் ஊதாத திருவிழாவை நான் பார்த்ததே கிடையாது. சோறும் சரியாக இறங்கவில்லை. வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதிக்காக எத்தனை தடவை கத்தியிருக்கிறேன்! இப்போது அதைக் கலைக்கவே பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டைப் பெருக்கும்போது விளக்குமாறு அந்தப் பெட்டியில் இடித்தது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. மனிதரைப் பாதியாக்கிய சனியனை இன்னொரு அடி அடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று பெட்டியைப் பிய்த்தேன். பழைய இடத்திலேயே அடிக்கலாம் என்று முன்வாய் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினேன். சுற்றித் தடவினேன். திருப்பிப் பிடித்து இன்னொரு சுற்று. விரல் வழவழவென்று ஓடியது.

"ஏங்க! என் நெளிசல் எங்க?"

"என்னளா சொல்லுத?"

"நான் எறிஞ்ச நெளிசலக் காணும்! இது நம்ம டிரம்பெட்டே இல்ல!"

ஓடி வந்து பிடுங்கிப் பார்த்தார். விரல் வைத்து அழுத்தும் பொத்தான்களைத் தொட்டார். "நம்மளதுல முத்துச்சிப்பி பதிச்சிருக்கும். தொட்டா சில்லுன்னு இருக்கும். இது வெறும் பிளாஸ்டிக்..."

படுபாவி! நல்லதை வைத்துக்கொண்டு போலியை எங்கள் தலையில் கட்டியிருக்கிறான். அதே இடத்தில் ஒரு சுத்தியலால் தட்டி நெளித்து அனுப்பக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அவன் வீட்டில் என்னைப்போல ஒருத்தி இல்லை போலிருக்கிறது.

நெளிசல் இல்லாத அந்தப் போலியின் போட்டோவும், எனக்கு வணக்கம் சொல்லி அவன் எழுதிய வரியும் அப்போதே கம்பெனிக்குப் போயின. இன்று மத்தியானம் பதில் வந்தது. விற்றவர் மேல் தவறில்லை, புகார் தள்ளுபடி. சிவப்பு எழுத்தும் போய்விட்டது. சேசு மரி சூசையே! நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர், பிறகு தானும் அழுதார்.

சாயங்காலம் ஒத்திகைக்குக் கிளம்புமுன் புது டிரம்பெட்டை எடுத்து அடுக்களை வாசலில் நின்று ஊத ஆரம்பித்தார். தோசை சுட்டுக்கொண்டிருந்த நான் கரண்டியோடு திரும்பினேன். மனிதர் பழக்கதோஷத்தில் சட்டென்று குனிந்தார்.

"பயப்படாம ஊதுங்க," என்றேன்.

கல்லில் தோசை தீய்ந்தது. தீயட்டும் என்று நின்று கேட்டேன்.